திருகோணமலை: கோட்டை வாசல் மீனு, கோணேசர் கோயில், ஒரு தட்டு இடியப்பமும் சொதியும்

முதல்லயே சொல்லிடுறேன், இலங்கைக்கு டூர் போடுறவங்க திருகோணமலைக்கு ரெண்டு ராத்திரியாவது ஒதுக்குங்க, அரை நாள்ல காட்டிட்டு கூட்டிட்டு வர்ற பேக்கேஜை எடுக்கவே எடுக்காதீங்க. நாங்க முதல்ல பேசின டிராவல்ஸ்ல காலைல தம்புள்ளை, மத்தியானம் கோணேஸ்வரம்ங்கிற கோணேசர் கோயில் ஒரு மணி நேரம், ராத்திரிக்கு கண்டினு பிளான் போட்டு குடுத்தாங்க. அம்மா அந்த பேப்பரை பாத்துட்டு "ஒரு மணி நேரத்துக்காடீ நான் கடல் தாண்டி வாரேன்"னு கேட்டாங்க, அதோட அந்த பிளானை விட்டுட்டு நாங்களே வேன் பேசி போயிட்டோம். அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி உண்டு, சைவம். நான் மீன் சாப்பிடுவேன். ஊர் திருநெல்வேலி டவுன். இந்த மூணு விஷயத்தையும் மனசுல வெச்சுட்டு படிங்க, ஏன்னா எனக்கு பிடிச்சது பிடிக்காதது எல்லாமே இதுல இருந்து தான் வருது.

போற வழி சுருக்கமா. மதுரைல இருந்து கொழும்புக்கு ஃபிளைட் ஒரு மணி நேரம் தான், விசா ஆன்லைன்லயே எடுத்துட்டோம். கொழும்பு டு திருகோணமலை 260 கிலோமீட்டர் கிட்ட வரும், குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய்னு ஒரே ரோடு, ராத்திரி ரயிலும் இருக்கு. வேன்னா நடுவுல நிறுத்தி நிறுத்தி போகலாம், வயசானவங்களுக்கு அது தான் வசதி. ஹபரணை தாண்டினதும் ரெண்டு பக்கமும் காடு, சாயங்காலம் ஆனா ரோட்டோரம் யானை நிக்கும்னு டிரைவர் மெதுவா தான் ஓட்டினார். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்க மூணு ரூபாய் சொச்சம், அதனால பில்லை பாத்ததும் பயப்படாதீங்க, மூணால வகுத்துட்டு பாருங்க, நம்ம ஊர் விலையை ஒட்டி தான் இருக்கும்.

முதல் நாள் சாயங்காலமே ஆட்டோ பிடிச்சோம். அங்க ஆட்டோ அண்ணன்மார் பேசுறதே தனி அழகு, "அம்மா மெல்லமா ஏறுங்கோ, அவசரமில்ல"ன்னு சொல்லிட்டு அம்மா கால் உள்ள வெச்சப்புறம் தான் வண்டியை எடுத்தார். கோணேசர் கோயிலுக்கு போகணும்னா கோட்டைக்குள்ள நுழைஞ்சு தான் போகணும், கோயில் கோட்டையைத் தாண்டி மலை உச்சில இருக்கு. கோட்டைக்கு பேர் பிரெட்ரிக் கோட்டை. நான் வாசல்லயே ஆட்டோவை நிறுத்த சொன்னேன், ஏன்னா எனக்கு பாக்க வேண்டியது அங்க தான் இருந்துச்சு.

அந்த வாசல் கல்லுல ரெட்டை மீன் செதுக்கியிருக்கு. இணைக்கயல், பாண்டியர் சின்னம். எங்க ஊர் பக்கம் கோயில் விதானத்துலயும் சுவத்துலயும் சின்னப் பிள்ளைல இருந்து பாத்து வளந்த அதே மீனு. 13ஆம் நூற்றாண்டுல சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலைல கயல் பொறிச்சான்னு புதுக்கோட்டை பக்கம் குடுமியான்மலை கல்வெட்டுல இருக்கு, அதை எங்கேயோ படிச்சது எனக்கு அப்ப தான் ஞாபகம் வந்துச்சு. மழையும் உப்புக்காத்தும் பட்டு மழுங்கிப் போயிருக்கு, சட்டுனு பாத்தா ஏதோ பூ டிசைன்னு நினைச்சு தாண்டி போயிடுவீங்க. கிட்ட போய் பக்கவாட்டுல வெயில் விழுறப்ப பாத்தா உடம்போட வளைவு தெரியும். நான் விரலால தொட்டுப் பாத்தேன், அம்மா "போதும் வா நடை சாத்திரப் போறான்"னு கூப்பிட்ட பிறகு தான் நகந்தேன்.

அதே வாசல்ல ஒரு தமிழ் கல்வெட்டுத் துண்டும் இருக்கு. முன்னால குளக்கோட்டன்ங்கிற ராஜா செஞ்ச திருப்பணியை பின்னால பறங்கி பிரிப்பான், அதுக்கு அப்புறம் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன்னு ஒவ்வொருத்தனா ஆளுவான்னு சொல்ற பாட்டு அது, இப்ப கல்லுல பாதி எழுத்து தான் இருக்கு. பறங்கின்னா போர்த்துக்கீசியர். 1622ல அவங்க கோயிலை இடிச்சாங்க, 1624ல அந்த கல்லையே எடுத்து இந்த கோட்டையைக் கட்டினாங்க. 1639ல டச்சுக்காரங்க பிடிச்சாங்க, 1795ல இங்கிலீஷ்காரங்க கைக்கு போச்சு, 1803ல தான் பிரெட்ரிக்னு பேர் வெச்சாங்க. இதை எல்லாம் தெரிஞ்சுட்டு அந்த வாசலுக்குள்ள நுழையுறப்ப கால் கூசுது, நம்ம நடக்குறது கோயில் கல்லுக்கு நடுவுல. டூர்ல வர்ற பஸ் எல்லாம் இந்த வாசலை நிக்காம தாண்டி போயிடுது. டிரைவர்கிட்ட சொல்லி இறங்குங்க, பத்து நிமிஷம் போதும்.

கோட்டைக்குள்ள இப்ப ராணுவம் இருக்கு, அதனால அவங்க இருக்கிற பக்கம் போட்டோ எடுக்காதீங்க. ஆனா உள்ள ஒரே நிழல், பெரிய பெரிய ஆல மரம், அதுக்கு கீழ புள்ளிமான் கூட்டம். கூண்டு வேலி எதுவும் கிடையாது, மாடு மேயுற மாதிரி ரோட்டோரம் மேயுது, ஊருக்குள்ள கடற்கரை வரைக்கும் வருது. ஒரு குட்டி எங்க ஆட்டோ பக்கத்துல வந்து மோந்து பாத்துச்சு, அதோட மூக்கு ஈரமா மினுமினுன்னு இருந்துச்சு. எனக்கு அங்க ஒரு விஷயம் ரொம்ப வேதனை. பிஸ்கட் குடுக்கிறவங்க கவரையும் அங்கேயே போட்டுட்டு போறாங்க, மான் அந்த பிளாஸ்டிக்கை மெல்லுது. தயவுசெஞ்சு எதுவும் குடுக்காதீங்க, குடுத்தாலும் குப்பையை பைல போட்டு திருப்பி எடுத்துட்டு வாங்க.

ஆட்டோ கோயிலுக்கு கிட்ட வரைக்கும் போச்சு. கடைசில கடை வரிசை நடுவுல கொஞ்சம் ஏத்தம் நடக்கணும். அர்ச்சனை தட்டு, தாமரை மொட்டு, சங்கு, மரப் பொம்மை, கச்சான்னு கடை. கச்சான்னா நம்ம நிலக்கடலை. அம்மா ரெண்டு இடத்துல உக்காந்து உக்காந்து ஏறினாங்க, கடைக்காரங்களே ஸ்டூல் எடுத்து போட்டாங்க, எதுவும் வாங்குங்கன்னு சொல்லல. மேல போனதும் பெரிய சிவன் சிலை உக்காந்திருக்கு. செருப்பு விட்டுட்டு தான் போகணும், அதனால மத்தியானம் போகவே போகாதீங்க. ரெண்டாவது நாள் பதினொன்றரை மணிக்கு நான் மட்டும் திரும்ப போனேன், கல்லு தரை அப்படி சுட்டுச்சு, ராத்திரி உள்ளங்கால் எரிஞ்சு தூங்க முடியல. காலைல சீக்கிரம், இல்லன்னா வெயில் தாழ்ந்தப்புறம் சாயங்கால பூஜைக்கு. ரெண்டுல ஒண்ணு கேட்டா நான் சாயங்காலம் சொல்வேன்.

கோயில் சின்னது. நெல்லையப்பர் கோயில் பாத்த கண்ணுக்கு ரொம்பவே சின்னது, அதை ஒளிக்காம சொல்லணும். பெரிய பிரகாரம், ஆயிரங்கால் மண்டபம் எல்லாம் எதிர்பாத்து போனீங்கன்னா ஏமாந்துருவீங்க, அதெல்லாம் இருந்த கோயில் தான் கடலுக்குள்ளயும் கோட்டைச் சுவத்துக்குள்ளயும் போச்சு. முந்நூறு வருஷத்துக்கு மேல இந்த உச்சில கட்டடமே கிடையாது, பாறைல பூவும் கற்பூரமும் வெச்சு கும்பிட்டிருக்காங்க. 1950ல பக்கத்துல கிணறு தோண்டுறப்ப புதைச்சு வெச்ச சாமி விக்கிரகங்கள் கிடைச்சிருக்கு, போர்த்துக்கீசியர் வர்றாங்கன்னு தெரிஞ்சு யாரோ மண்ணுக்குள்ள வெச்சு காப்பாத்தினது. 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் கீழ கடல்ல முங்கி பழைய கோயில் தூணு, கல்லு எல்லாம் கிடக்கிறதை பாத்தாங்க. கடல்ல இருந்து எடுத்த லிங்கம் இப்ப கோயில்ல இருக்கு. இப்ப இருக்கிற கோயிலுக்கு கும்பாபிஷேகம் 1963ல. நம்ம வயசுக்காரங்களோட அப்பா அம்மா காலத்துல திரும்ப எழுந்த கோயில் இது, அந்த கணக்கோட பாத்தா சின்னதா தெரியாது.

சாமி கோணேசர், அம்பாள் மாதுமையாள். சாயங்கால பூஜைக்கு கூட்டம் மிதமா தான் இருந்துச்சு, சுவத்துக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கிற சத்தம், இந்தப் பக்கம் மணி. அம்மா சின்ன வயசுல ஓதுவார்கிட்ட தேவாரம் படிச்சவங்க, சம்பந்தர் பதிகத்தை மெதுவா சொல்ல ஆரம்பிச்சாங்க, ஒவ்வொரு பாட்டும் கோணமாமலை அமர்ந்தாரேன்னு முடியும். இத்தனை வருஷம் வீட்டு பூஜை ரூம்ல நான் கேட்ட பாட்டு தான், அந்த வரி எந்த மலையை சொல்லுதோ அந்த மலை மேலயே நின்னு கேட்டப்ப எனக்கு தொண்டை அடைச்சுருச்சு. சம்பந்தர் இங்க வரவே இல்ல, ராமேஸ்வரத்துல இருந்தபடியே பாடினார்னு தான் சேக்கிழார் சொல்றார். வெளிய வந்ததும் அம்மா அதைத் தான் சொன்னாங்க, "அவரு பாக்காமயே பாடினாரு, நான் பாத்துட்டேன் பாத்தியா".

கோயிலுக்கு பக்கத்துல தான் ராவணன் வெட்டு. இதை விட்டுடாதீங்க, கும்பிட்டுட்டு அப்படியே திரும்பி வந்துடுற ஆட்கள் நிறைய பேரு. பாறை ரெண்டா பிளந்து 300 அடிக்கு மேல நேரா கடலுக்கு இறங்குது, கீழ தண்ணி பச்சையும் நீலமுமா கலந்து அவ்வளவு ஆழத்துலயும் பாறை தெரியுற மாதிரி தெளிவா இருக்கு. ஓரத்துல ராவணன் சிலை, கும்பிட்ட கையோட நிக்குறார். சம்பந்தர் பதிகம்னா பெரும்பாலும் எட்டாவது பாட்டு ராவணன் பாட்டு தான், கைலாசத்தை தூக்கினவன் கர்வம் அடங்கினதை சொல்லும், இந்த கோணமலை பதிகத்துலயும் எட்டாவது பாட்டு அது தான்னு அம்மா அந்த சிலையைப் பாத்துட்டே சொன்னாங்க. பக்கத்து மரத்துல குழந்தை வேணும்னு நேந்துக்கிட்டவங்க கட்டின சின்ன சின்ன மரத் தொட்டில் ஆடிட்டு இருந்துச்சு.

ஊர்ல சொல்ற கதை என்னன்னா, ராவணனோட அம்மாவுக்கு உடம்பு முடியல, கோணேசரை கும்பிட ஆசைப்பட்டாங்க, அவங்களை கூட்டிட்டு வர முடியாததால மலையையே பேத்து எடுத்துட்டு போகலாம்னு வாளால வெட்டினான், அந்த வெட்டு தான் இது. ஆட்டோ அண்ணன் இந்த கதையை சொல்லி முடிச்சுட்டு எங்க அம்மாவை காட்டி "தங்கச்சி, நீங்கள் அம்மாவை மலைக்கே கொண்டு வந்திட்டீங்கள்"ன்னார். நான் ஒண்ணும் பதில் சொல்லல, அம்மா கையை பிடிச்சுட்டு நின்னேன். காத்து பலமா அடிக்கும், கம்பி வேலி இருந்தாலும் குழந்தைங்களை கையை விடாம பிடிச்சுக்கோங்க.

இனி சாப்பாடு. முதல் ராத்திரி கடற்கரை பக்கம் ஒரு ரெஸ்டாரண்ட் போனோம், மெனு பெருசு, லைட் எல்லாம் அழகா போட்டிருந்தாங்க. மீன் கேட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, வந்த மீன் ஃபிரிட்ஜ்ல கிடந்த மீன், துறைமுக ஊர்ல உக்காந்து அதை சாப்பிடுறதுக்கு மனசு ஒப்பல. அம்மாவுக்கு சைவமா என்ன இருக்குன்னு கேட்டா ஃபிரைட் ரைஸ்னு சொன்னாங்க. பில்லுல பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் தனி. வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு வெச்சிருக்கிற கடை அது, நம்ம ஆளுங்க போக வேண்டியது ஊருக்குள்ள இருக்கிற சின்ன கடைக்கு.

மறுநாள் காலைல பத்திரகாளி அம்மன் கோயில் கும்பிட்டுட்டு (உள்ள வண்ணச் சிற்பம் அவ்வளவு நெருக்கமா இருக்கு, கூரையை பாத்தே கழுத்து வலிச்சுருச்சு) அப்படியே நடந்து வந்தோம், ஒரு தெருவுல நாலு மேசை போட்ட கடை, வாசல்ல ஆவி வந்துட்டு இருந்துச்சு. போர்டு கூட சரியா தெரியல. உள்ள ஒரு அக்காவும் அவங்க மகனும் மட்டும் தான். "வாங்கோ, இருங்கோ, இடியப்பம் இப்ப தான் அவிச்சு இறக்கினது"ன்னாங்க. "இந்தியாவோ?"ன்னு கேட்டாங்க, ஆமான்னேன், "ஓம், கதைக்கேக்கயே விளங்கீட்டு"ன்னு சிரிச்சாங்க.

அங்க இடியப்பம் நம்ம ஊர் மாதிரி பெருசா நாலு வெச்சு குடுக்கிறது இல்ல. உள்ளங்கை அளவு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரு தட்டுல பத்து பன்னெண்டு கொண்டு வந்து வைக்கிறாங்க. வறுத்த அரிசி மாவுல பிழிஞ்சது, செவப்பரிசி மாவுலயும் உண்டு, நூல் நூலா உதிரா நிக்குது, அதே நேரம் வறண்டு போகல. கூட சம்பல், செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும் சேத்து இடிச்சு தேசிக்காய் பிழிஞ்சது, செத்தல்னா காஞ்ச மிளகாய், தேசிக்காய்னா எலுமிச்சை. அப்புறம் ஒரு கிண்ணத்துல மஞ்சளா சொதி.

எங்க ஊர்க்காரங்களுக்கு சொதின்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியது இல்ல. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்துக்கு சொதியும் இஞ்சிப் பச்சடியும் இல்லாம இலை போட மாட்டாங்க. தமிழ்நாட்டுலயே மத்த ஊர்க்காரங்ககிட்ட சொதின்னா "என்னது அது"ன்னு தான் கேப்பாங்க, இங்க கடலுக்கு அந்தப் பக்கம் தினமும் காலைல எல்லா வீட்டுலயும் சொதி, அதே பேரோட. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாய்ல வெச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் அந்த அக்காவைப் பாத்து "ஏ பிள்ள, இதுல வெந்தயமா போட்ட?"ன்னு கேட்டாங்க.

அந்த அக்கா அம்மாவை அடுப்படிக்கே கூப்பிட்டுட்டாங்க. அடுத்த பானை சொதி அப்ப தான் வைக்கப் போறாங்க, நானும் வாசல்ல நின்னு பாத்தேன். சின்ன வெங்காயம் வட்ட வட்டமா நறுக்கினது, பச்சை மிளகாய் கீறினது, ஒரு கிள்ளு வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை (பாண்டன்னு சொல்ற வாசனை இலை), எல்லாத்தையும் தேங்காயோட ரெண்டாம் பால்ல போட்டு வேக வெச்சாங்க. எண்ணெய் ஒரு சொட்டு இல்ல, தாளிப்பும் இல்ல. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் அடுப்பைக் குறைச்சு முதல் பால் ஊத்தி, கரண்டியால அள்ளி அள்ளி ஊத்திட்டே இருந்தாங்க, ஓரத்துல நுரை கட்டினதும் சட்டியை இறக்கிட்டாங்க. தேசிக்காய் பிழிஞ்சது இறக்கி சூடு கொஞ்சம் அடங்கினப்புறம் தான். "முதல் பால் விட்டாப் பிறகு கொதிக்க விடக்கூடாதம்மா, திரைஞ்சு போகும்"ன்னு அவங்க சொல்லி வாய் மூடல, எங்க அம்மா "புளிப்பு கடைசில தான்"னு முடிச்சாங்க. எங்க ஆச்சி எங்க அம்மாவுக்கு சொல்லிக் குடுத்த அதே ரெண்டு விதி.

வித்தியாசமும் உண்டு. நம்ம சொதில பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பூண்டு எல்லாம் போட்டு இஞ்சி சாறு விடுவோம், கெட்டியா சோத்துக்கு ஊத்துற குழம்பு. அங்கத்தது தண்ணியா, லேசா, இடியப்பம் ஊறுறதுக்குன்னே வெச்சது. அம்மா இதை எல்லாம் சொன்னதும் அந்த அக்கா "பாசிப்பருப்போ? சொதிக்கோ?"ன்னு ஆச்சரியமா கேட்டாங்க, மகனை கூப்பிட்டு "கேட்டியா தம்பி"ன்னாங்க. ரம்பை வாசனை எனக்கு ரொம்ப பிடிச்சுது, சோறு வடிச்ச மாதிரியும் பச்சைப் புல்லு மாதிரியும் ஒரு மணம். அன்னிக்கு காலைல நான் பதினாலு இடியப்பம் சாப்பிட்டேன், அம்மா எட்டு. பில்லு நம்ம ஊர் ஓட்டல்ல ரெண்டு பேர் தோசை சாப்பிடுற காசு கூட வரல. கடை பேரு இங்க போடல, அந்த நாலு மேசைக்கு அந்த ஊர் ஆளுங்களே வரிசைல நிக்குறாங்க. பெரியகடை பக்கம், கோயில் தெருவுங்க பக்கம் காலைல ஏழு மணிக்கு நடந்தீங்கன்னா ஆவி வர்ற வாசல் ஒண்ணு ரெண்டு கண்டிப்பா கண்ணுல படும், உள்ள போய் உக்காருங்க.

சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. சம்பல்ல மாசி போடுவாங்க. நம்ம தூத்துக்குடி பக்கம் சொல்ற அதே மாசிக் கருவாடு தான், தூளா இடிச்சு போட்டுருப்பாங்க, பாத்தா தெரியாது. பருப்பு கறி, கீரை, சில மரக்கறியிலயும் (காய்கறிக்கு அங்க மரக்கறின்னு பேரு) சேக்கிறது உண்டு. அதனால உக்காந்ததும் "மாசி போடாத சம்பல் இருக்கா"ன்னு கேட்டுருங்க. இந்த அக்கா கேக்காமயே அம்மா நெத்தி விபூதியைப் பாத்துட்டு தனியா வெச்சிருந்த சம்பலை எடுத்து வந்தாங்க, ஆனா எல்லா இடத்துலயும் அப்படி எதிர்பாக்க முடியாது. சைவக் கடைன்னு போர்டு இருந்தா தைரியமா போகலாம். காரம்ங்கிற வார்த்தைக்கு அங்க உறைப்புன்னு சொல்லணும், "உறைப்பு குறைச்சு"ன்னு சொன்னா தான் புரிஞ்சு செய்வாங்க, அப்படி சொல்லியும் கொஞ்சம் உறைக்கும். டீக்கு தேத்தண்ணி, பிரெட்டுக்கு பாண்.

மத்தியானம் சோறும் கறியும். நான் மீன் சாப்பிட்டது வேற கடைல, அறக்குளா, நம்ம வஞ்சிரம் தான். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, மிளகு எல்லாம் நல்லா வறுத்து திரிச்ச தூள்ல வெச்ச குழம்பு, நிறம் கருப்பா இருக்கும், கருகின மாதிரி பயமுறுத்தும், வாய்ல வெச்சா அந்த வறுத்த வாசனை தான் முதல்ல வரும், அதுக்கு அப்புறம் தேங்காய்ப்பால் வந்து அடக்கும். நம்ம மீன் குழம்பு புளில நிக்குது, இது தூள்ல நிக்குது. ரெண்டுல எது உசத்தின்னு என்னைக் கேட்டா அன்னிக்கு அந்த மேசைல உக்காந்து இது தான்னு சொல்லியிருப்பேன். தட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு அதுல சோறு போடுறாங்க, நிறைய கடைல அது தான் வழக்கம், சூடு சோறு பிளாஸ்டிக்ல விழுறது எனக்கு பிடிக்கல, வாழை இலையோ வெறும் தட்டோ கேட்டு வாங்கிக்கோங்க, தருவாங்க.

சாயங்காலம் கொத்து ரொட்டி. சத்தத்தை வெச்சே கடையை கண்டுபிடிக்கலாம், ரெண்டு தகட்டால இரும்புக் கல்லுல டக டக டகன்னு வெட்டிக்கிட்டே இருப்பாங்க. அம்மாவுக்கு மரக்கறி கொத்து, முட்டை இல்லாம சொல்லணும், கல்லையும் தகட்டையும் துடைச்சுட்டு போட்டுக் குடுத்தாங்க, கேட்டா செய்றாங்க. ஒரு பிளேட் ரெண்டு பேருக்கு தாராளம். ரோல்ஸ், பற்றிஸ் மாதிரி சின்ன பலகாரங்களை ஒரு தட்டு நிறைய கேக்காமயே மேசைல கொண்டு வந்து வைப்பாங்க, பதறாதீங்க, எத்தனை எடுத்தீங்களோ அதுக்கு மட்டும் தான் காசு. கடற்கரைல இறால் வடை, முழு இறாலு வடை மேல அப்படியே ஒட்டிட்டு இருக்கும், சூடா போடுறவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

ரெண்டாவது நாள் கன்னியா வெந்நீர் ஊத்து போனோம், ஊர்ல இருந்து 8 கிலோமீட்டர் இருக்கும். ஏழு கிணறு, சதுரமா கட்டியிருக்கு, ஆழம் நாலு அடி கூட இருக்காது, ஒவ்வொண்ணுலயும் சூடு வேற வேற. இறங்கி குளிக்கிறது இல்ல, வாளில மோந்து தலைக்கு ஊத்திக்கணும். அம்மா ஒவ்வொரு கிணத்துலயும் விரலை விட்டுப் பாத்து கடைசில அளவான சூட்டுல ஒண்ணை எடுத்து முழங்காலுக்கு ஊத்திட்டே இருந்தாங்க, அன்னிக்கு ராத்திரி வலி குறைஞ்சதா சொன்னாங்க. ராவணன் தன் அம்மா இறந்தப்ப காரியம் செய்ய இந்த ஊத்துகளை உண்டாக்கினான்னு கதை, இன்னும் ஜனங்க அப்பா அம்மாவுக்கு அந்தியேட்டிங்கிற காரியம் செய்ய இங்க வர்றாங்க. மலைல கேட்ட கதையோட மிச்சம் இது, அதனால கோணேஸ்வரம் முதல்ல, கன்னியா அப்புறம்னு வரிசையா போங்க. லீவு நாள்ல கூட்டம் நெருக்கும், காலைல எட்டு மணிக்குள்ள போயிடுங்க. உடை மாத்துற இடம் ரொம்ப சுமார், பொம்பளைங்க மாத்துத் துணியை ஈரம் படாம ஒரு பைல கட்டி எடுத்துட்டு போங்க.

நிலாவெளி, உப்புவெளி கடற்கரை ரெண்டும் அழகு, மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடல் குளம் மாதிரி கிடக்கும், வருஷக் கடைசில வடகிழக்கு மழைல போனா கொந்தளிப்பு தான். நாங்க போனது ஜூலைல. புறாமலைக்கு படகு போகுது, பவளப்பாறை பாக்க, அம்மாவை விட்டுட்டு போக மனசு இல்லாததால நான் போகல.

கிளம்புற அன்னிக்கு காலைல அம்மா திரும்ப அந்த கடைக்கு தான் போகணும்னு சொன்னாங்க. அந்த அக்கா எங்களைப் பாத்ததும் எழுந்து வந்து, முந்தின நாள் ராத்திரி சொதில ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு வேக வெச்சு போட்டுப் பாத்தேன், மகனுக்கு பிடிச்சு போச்சுன்னு சொன்னாங்க. வறுத்த கறித்தூள் கால் கிலோ அவங்க வீட்டுக்கு திரிச்சதுல இருந்து கட்டிக் குடுத்தாங்க, காசு குடுத்தா வாங்கல, "அம்மாவை இன்னொருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ"ன்னாங்க. அம்மா பைல இருந்த நெல்லையப்பர் கோயில் குங்குமத்தை எடுத்து அவங்க கைல வெச்சாங்க.

திரும்புற வழில கந்தளாய் பக்கம் ரோட்டோரம் சட்டித் தயிர் விக்கிறாங்க, எருமைத் தயிர், மண் சட்டில உறைஞ்சு கத்தியால வெட்டுற அளவுக்கு கெட்டியா நிக்கும், மேல கித்துள் பாணி ஊத்தி சாப்பிடணும், பாணின்னா பனங்கற்கண்டு பாகு மாதிரி, கித்துள் மரத்துல இருந்து எடுக்கிறது. ஒரு சட்டி வாங்கி வேன்லயே கரண்டி போட்டு மூணு பேரும் சாப்பிட்டோம், டிரைவரோட சேத்து. காலி சட்டியை நான் தூக்கிப் போடப் போனேன், அம்மா விடல, கழுவி சேலைல சுத்தி பெட்டிக்குள்ள வெச்சு மதுரை வரைக்கும் உடையாம கொண்டு வந்துட்டாங்க. இப்ப எங்க வீட்டுல தயிருக்கு உறை ஊத்துறது அதுல தான்.